கோட்டுக்கு வடக்கே

ரொவானியெமி நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர் வடக்கே, தரையில் ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் புறம் ஒரு கால், அந்தப் புறம் ஒரு கால் என்று நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் அநேகமாக எந்தப் பயணியும் திரும்புவதில்லை. ஆர்க்டிக் வட்டம் அதுதான் என்கின்றன அங்குள்ள பலகைகள். பூமியின் அச்சுச் சாய்வு மெல்ல மாறிவருவதால் உண்மையான வட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 மீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. கோடு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ஃபின்லாந்தின் வடகோடி மாகாணமான லாப்லாந்தில் பயணிகளுக்குக் காட்டப்படும் பல விஷயங்கள் இந்தக் கோட்டைப் போலத்தான்.

கோட்டைச் சுற்றி இருப்பது கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம். தாத்தா ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் இருக்கிறார். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, படத்துக்குத்தான் காசு. அவர் பெயருக்கு வரும் கடிதங்களுக்கென்று தனி அஞ்சலகமே உண்டு. இதெல்லாம் எப்படி வந்தது என்பது கொஞ்சம் துயரமான கதை. 1944 அக்டோபரில், பின்வாங்கிய ஜெர்மன் படைகள் வெளியேறும்போது ரொவானியெமி எரிந்தது. பத்தில் ஒன்பது கட்டடங்கள் சாம்பல். கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, பனிமானின் கொம்பைப் போலச் சாலைகள் கிளைபிரியும் புதிய நகரை வரைந்து தந்தார். மறுகட்டுமானத்தைப் பார்க்க 1950 ஜூனில் எலினார் ரூஸ்வெல்ட் வந்தபோது, அவருக்காக ஆர்க்டிக் வட்டத்தில் அவசர அவசரமாக ஒரு மரக் குடில் எழுப்பினார்கள். அது இன்னும் நிற்கிறது. அதையொட்டித்தான் 1985-இல் தாத்தாவின் கிராமம் உருவானது. தாத்தா வசிப்பதாகச் சொல்லப்படும் கொர்வதுந்துரி மலைகூட வானொலியின் கொடை. 1927-இல் சிறுவர் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் சொல்லிவைத்ததை நாடே நம்பிவிட்டது.

எரிந்துபோன ஊர் கதை சொல்லிப் பிழைத்துக்கொண்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாத்தா யாருடைய தனிச் சொத்தும் அல்ல. சிக்கல் பக்கத்து நினைவுப்பொருள் கடையில்தான் ஆரம்பிக்கிறது.

அங்கே நான்கு முனைகள் துருத்தி நிற்கும் வண்ணத் தொப்பி கிடைக்கும். ஸாமி ஆண்கள் அணியும் ‘நான்கு காற்றுத் தொப்பி’யின் மலிவு நகல் அது. (தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரி கேட்கும். நம்மூர் சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்று நான்கு நாடுகளின் வடக்குப் பகுதியில் பரவியிருக்கும் பழங்குடிகள் ஸாமிகள். ஃபின்லாந்தில் இருப்பவர்கள் சுமார் 10,000 பேர். ‘லாப்’ என்ற பழைய பெயரை அவர்கள் இழிவாகக் கருதுகிறார்கள்.

ஸாமி உடையின் பெயர் காக்தி. அதன் வெட்டையும் பட்டைகளையும் பார்த்தே, அணிந்திருப்பவர் எந்த வட்டாரம், எந்தக் குடும்பம் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். சில வட்டாரங்களில் மணமானவரா என்பதுகூடத் தெரிந்துவிடும். இந்த உடையின் போலியை மாட்டிக்கொண்டு, முகத்தில் கரி பூசி, மேளம் தட்டி, ‘வட்டத்தைக் கடக்கும் சடங்கு’ என்று பயணிகளுக்கு வேடிக்கை காட்டுவது பல ஆண்டுகளாக நடந்துவந்தது. ஆடியவர்கள் பெரும்பாலும் ஸாமிகள் அல்ல. இத்தனைக்கும் ரொவானியெமி ஸாமி தாயகத்துக்குள்ளேயே வராது. சட்டம் வரையறுத்திருக்கும் தாயகம் அங்கிருந்து வெகு வடக்கே தொடங்குகிறது.

பயணத் திட்டத்தில் இருக்கும் மற்றவற்றையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நாய்கள் இழுக்கும் ஸ்லெட்ஜ் சவாரி சைபீரியா, அலாஸ்கா பக்கத்து வழக்கம். ஸாமிகளின் நாய் மந்தை மேய்க்கும், வண்டி இழுக்காது. சவாரி நாய்களால் பனிமான்கள் மிரள்கின்றன என்று மேய்ப்பவர்கள் முறையிடுகிறார்கள். இக்ளூ, கனடாவிலும் கிரீன்லாந்திலும் வாழும் இன்யூட் மக்களுடையது. அதைக் கண்ணாடியில் கட்டி, படுத்தபடியே வடதுருவ ஒளியைப் பார்க்கலாம் என்பது ஓட்டல்காரர்களின் யோசனை. பனிமான் பண்ணைகூட ஸாமியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நார்வேயிலும் ஸ்வீடனிலும் அது பெரும்பாலும் ஸாமிகளின் உரிமை. ஃபின்லாந்தில் மேய்ச்சல் வட்டாரத்தில் குடியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் யாரும் வளர்க்கலாம்.

அப்படியானால் ஸாமிகளை எங்கே பார்ப்பது? இந்தக் கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது. மிருகக்காட்சி சாலையா, போய்ப் பார்க்க? ஃபின்லாந்து ஸாமிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாயகத்துக்கு வெளியே, ஹெல்சிங்கி போன்ற நகரங்களில் மற்றவர்களைப் போல வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல விரும்புவதைக் கேட்க ஓர் இடம் உண்டு. ரொவானியெமியிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம், இனாரி. ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். ஸாமி நாடாளுமன்றம் அங்கேதான் கூடுகிறது. ஸீடா என்ற அருங்காட்சியகமும் அங்கேதான். ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருது 2024-இல் இதற்குத்தான் கிடைத்தது.

விருதைவிட முக்கியமானது 2021-இல் நடந்தது. ஹெல்சிங்கியிலுள்ள தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 2,200-க்கும் மேற்பட்ட ஸாமி பொருள்களை ஸீடாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. உடை, கத்தி, தொட்டில், கரண்டி என்று பெரும்பாலும் சாதாரணப் புழங்குபொருள்கள். இவை ஊர் திரும்புவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு தொப்பியின் கதையைச் சொல்லலாம். வடபகுதி ஸாமிப் பெண்கள் ஒரு காலத்தில் லாஜொகஹ்பிர் என்ற உயரமான தொப்பியை அணிந்தார்கள். உள்ளே மரத்தால் செய்த கொம்பு ஒன்று மேல்நோக்கி வளைந்து நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மறுமலர்ச்சி இயக்கம் ஒன்று பரவியது. கொம்புக்குள் சாத்தான் குடியிருக்கிறான் என்ற பேச்சு கிளம்பியது. தொப்பி வழக்கொழிந்தது. தப்பியவை அருங்காட்சியகங்களின் கிடங்குகளில் தூங்கின. ஊட்டி பியெஸ்கி என்ற ஸாமி ஓவியரும் தொல்லியல் ஆய்வாளரான ஏவா-கிறிஸ்டினா ஹார்லினும் அந்தக் கிடங்குகளைத் தேடிப்போய், மிஞ்சிய தொப்பிகளை அளந்து, தையலை ஆராய்ந்தார்கள். பிறகு ஸாமிப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துத் தைக்கச் செய்தார்கள். பாட்டிகளிடமிருந்து வந்திருக்க வேண்டிய கைவேலை கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது. கடையில் தொங்கும் நான்கு முனைத் தொப்பியைப் பார்த்து ஸாமிகள் ஏன் சங்கடப்படுகிறார்கள் என்பது இதைக் கேட்டால் புரியும்.

மொழியின் கதையும் இதே மாதிரிதான். போருக்குப் பின் ஸாமிப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் ஃபின்னிஷ் மொழியிலேயே வளர்க்கப்பட்டார்கள். சொந்த மொழி வீட்டோடு நின்றது, பிறகு வீட்டிலும் நின்றது. இனாரி ஸாமி என்ற மொழியைப் பேசுவோர் இன்று சில நூறு பேர். ஃபின்லாந்தைத் தவிர வேறெங்கும் அது இல்லை. 1990களின் நடுவில் அதைப் பேசும் குழந்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நியூசிலாந்தின் மாவோரிகளிடம் யோசனையைக் கடன் வாங்கி, 1997-இல் ‘மொழிக் கூடு’ ஆரம்பித்தார்கள். வேறொன்றுமில்லை, பாலர் பள்ளிதான். ஆனால் உள்ளே இனாரி ஸாமியைத் தவிர வேறு பேச்சு இல்லை. அங்கு வளர்ந்தவர்கள் இன்று பெரியவர்கள்.

இனாரிக்குப் போகிறவர்கள் டிசம்பரைத் தவிர்ப்பது நல்லது. மாதத் தொடக்கத்திலிருந்து பல வாரங்களுக்கு அங்கே சூரியன் எழுவதே இல்லை. மார்ச் கடைசியில் வெளிச்சமும் இருக்கும், பனியும் இருக்கும். உறைந்த ஏரியின் மேல் பனிமான் ஓட்டப் பந்தயம் அப்போதுதான். மேய்ப்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் பந்தயம் அது, பயணி ஓரமாக நின்று பார்க்கலாம். குளிருக்குப் பயப்படாதவர்களுக்கு ஜனவரியில் பழங்குடிகளின் திரைப்பட விழா ஒன்று உண்டு. திறந்தவெளியில், பனியால் கட்டிய அரங்கு. சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். பனிமான் இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு மசித்த உருளைக்கிழங்கும் காட்டுப் பழங்களும் கதி. ஞாபகத்துக்கு ஏதாவது வாங்குகிறவர்கள் ‘ஸாமி டுவோஜி’ முத்திரையைத் தேட வேண்டும். ஸாமி கைவினைஞர் செய்தது என்பதற்கு அதுவே சான்று. விலை கூடத்தான். ஒரு மரக் குவளைக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை என்று விசாரித்தால் பேரம் பேச மனம் வராது. 2018-இல் ஸாமி நாடாளுமன்றம் சுற்றுலாவுக்கு நெறிமுறை வகுத்தது. போலி உடை கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, வீட்டு முற்றத்தில் நுழையக் கூடாது. இதையெல்லாம் எழுதித்தர வேண்டியிருக்கிறது.

இனாரி ஏரியில் 3,000-க்கும் மேற்பட்ட தீவுகள். அவற்றுள் ஒன்று, கூம்பாக எழுந்து நிற்கும் பாறைத் தீவு, ஸாமிகளின் பழைய வழிபாட்டிடம். இனாரி ஸாமி மொழியில் அதன் பெயர் ஐயிஹ். தாத்தா என்று பொருள். கோடையில் ஸீடாவின் அருகிலிருந்து உல்லாசப் படகு கிளம்பி, தீவில் இறக்கிவிடும். பயணிகள் மரப்படியில் ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2019-இல் படகு நிறுவனம் இனி அங்கே யாரையும் இறக்குவதில்லை என்று அறிவித்தது. படகு இப்போதும் போகிறது. தீவுக்குச் சற்றுத் தள்ளி வேகத்தைக் குறைத்து, பயணிகள் மேல்தளத்திலிருந்து பார்த்து முடித்ததும், திரும்பிவிடுகிறது.