குளியலறைத் தரை சின்னதுதான்... செலவு மட்டும் ஏன் பெரிசு?

வீவக வீட்டுக் குளியலறைத் தரைக்கு டைல்ஸ் மாற்ற விலை கேட்கிறீர்கள். இடம் மூன்றே சதுர மீட்டர். குத்தகையாளர் சொல்லும் தொகையோ தலைசுற்ற வைக்கிறது.

"இத்தனூண்டு இடத்துக்கா?" என்று தோன்றும். எப்போதும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

இடம் குறைந்தாலும் வேலை குறையாது

பழைய டைல்ஸை உடைக்கணும், குப்பையை அகற்றணும், தரையைச் சமன்படுத்தணும், நீர்புகாப் பூச்சு பூசணும். அது காய்ந்த பிறகு தண்ணீரைத் தேக்கிவைத்துக் கசிகிறதா என்று சோதிக்கணும். அப்புறம்தான் டைல்ஸ் ஒட்டும் வேலை. ஊழியர்கள் பல நாள் வந்து போக வேண்டும்.

இதற்கெல்லாம் 1,500 வெள்ளி ஆகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அதை 30 சதுர மீட்டருக்குப் பிரித்தால் மீட்டருக்கு 50 வெள்ளி. 3 சதுர மீட்டருக்கோ 500 வெள்ளி!

டைல்ஸ் எத்தனை வாங்கணும்?

30 செண்டிமீட்டர் சதுர டைல்ஸ் என்றால் 3 சதுர மீட்டருக்கு 34 தேவை. மூலையிலும் வடிகாலைச் சுற்றியும் வெட்டும்போது வீணாகும். அதற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் கிட்டத்தட்ட 37. ஒரு பெட்டியில் 11 இருந்தால் 4 பெட்டி வாங்க வேண்டியதுதான். மிஞ்சுவதைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காமல் போகலாம்.

விதிமுறை என்ன சொல்கிறது?

- தரையை மாற்ற வீவக அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளரைத்தான் அமர்த்த வேண்டும்.
- உடைக்கும் வேலை வாரநாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான்.
- புது பிடிஓ வீடா? புளோக் கட்டி முடிந்து 3 ஆண்டுவரை குளியலறை டைல்ஸை உடைக்கக் கூடாது.
- சிமெண்டுப் பூச்சையும் சேர்த்துத் தரையின் தடிமன் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

பழசின் மேலேயே ஒட்டினால்?

செலவு குறையும், சத்தமும் குறைவு. ஆனால் தரை உயரும். கதவு இடிக்கலாம், வடிகாலை நோக்கிய சரிவும் கெடலாம். முதலில் பழைய டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றாக ஒலித்தால் அது ஏற்கனவே பிடிவிட்டிருக்கக்கூடும். அதன்மேல் புதுசு ஒட்டினால் எத்தனை நாள் நிற்கும்?

முக்கியமாக, கீழ்வீட்டுக் கூரையில் கசிவு இருந்தால் மேலே ஒட்டுவது அதைச் சரிசெய்யாது. அந்தக் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் உண்டு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவி கிடைத்தால் கழகம் பாதிச் செலவை ஏற்கும். மீதியை இரு வீட்டாரும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நீர்புகாப் பூச்சில் காசை மிச்சப்படுத்தினால் அண்டை வீட்டாருக்கும் சேர்த்துச் செலவு வைக்கிறீர்கள்.

கையெழுத்திடும் முன்

உங்கள் வீடு 1997க்குள் கட்டப்பட்டதா? இல்ல மேம்பாட்டுத் திட்டம் உங்கள் புளோக்கிற்கு வரப்போகிறதா என்று பாருங்கள். அதில் குளியலறை மேம்பாட்டைத் தெரிவுசெய்யும் சிங்கப்பூரர்கள் வீட்டு வகையைப் பொறுத்து 5 முதல் 12.5 விழுக்காடு மட்டுமே கட்டுவார்கள்.

காத்திருக்க முடியாது என்றால் குத்தகையாளரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்:

- நீர்புகாப் பூச்சும் தண்ணீர்ச் சோதனையும் விலையில் அடங்குமா?
- குப்பை அகற்றும் கட்டணம் சேர்ந்ததா?
- 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்ததா?
- கசிந்தால் எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிய முடியக் கட்டுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அப்போது உங்களுக்குக் கைகொடுப்பது அந்த எழுத்துபூர்வ விலைப்பட்டியல்தான்.