துயிலும் துயிலெழுதலும்

துயில் பற்றிக் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வரையப் போகின்றோம் என்று நண்பரொருவரிடம் கூறியபோது அவர் நகைத்து, "வகுப்பிலேயே அதனை நேரிற் காணலாமே, எழுதுவானேன்?" என்றார். பிற்பகல் முதல் மணியில் பின்வரிசைப் பெஞ்சுகளைக் கண்ட ஆசிரியர் எவரும் அங்ஙனமே நகைப்பர், அதிற் குற்றமில்லை. ஆயினும் அந்நகைப்பினுள்ளே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. துயில் மிக்கவன் சோம்பன், காலையில் எழமாட்டாதவன் மனவுறுதி அற்றவன் என்பதே அத்தீர்ப்பு. திருவள்ளுவரும் மடியின்மை என்னும் அதிகாரத்தில் துயிலைக் குற்றங்களோடு சேர்த்தெண்ணினாரன்றோ என்று நம்மை மடக்குவாரும் உண்டு. வள்ளுவர் கண்டித்தது முயற்சியின்றிக் கிடப்பவனை. நாள் முழுதும் உழைத்துப் படுத்து, எழும்போது இளைப்பாறாதவனாய் எழுகின்ற ஒருவனைப் பற்றி நாம் பேசுகின்றோம். அவன்மேற் சுமத்தும் பழி தகாதென்பதே நமது துணிபு.

நமது ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். (மாட்டினத்தாற் பெயர்பெற்ற ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை வேறு, அதனோடு இதனை மயங்கற்க.) தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் இது. ஜவுளிக் கடைகளும் கருங்கல் வேலையும் மாந்தோப்பும் இவ்வூர்ப்புறத்தின் பழைய பிழைப்புகள். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல் இப்பக்கத்து இளைஞர் ஆலைவேலைக்குப் போகத் தலைப்பட்டனர். பின்னர் பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கங்களிலும் ஆலைகள் எழுந்தன. 2021 முதல் போச்சம்பள்ளியருகே மின்சார இருசக்கர வண்டிகளும் செய்யப்படுகின்றன. இதனால் வந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பல குடும்பங்களில் முதன்முதலாக ஒரு பெண்ணின் கையில் மாதச் சம்பளம் வந்தது இவற்றாலேயே.

ஆனால் விடியற்காலை 4 மணிக்குப் பெருஞ்சாலையோரம் சென்று பாருங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடும் லாரிகளின் ஆரவாரத்திடையே, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக ஆணும் பெண்ணும் நிற்பர். ஓசூர் இங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஊரூராக ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்குப் போக ஏறத்தாழ 2 மணி, வர 2 மணி. 6 மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்டுக்கு 3 மணிக்கே எழ வேண்டும். அந்நேரமும் கடிகாரத்தின் நேரமே. ஞாயிற்றின் நேரம் அன்று. 1906 முதல் இந்தியா வழங்கும் நேரம் கிழக்கு 82½ பாகைக்கு உரியது. பர்கூரோ அதற்கு 4 பாகைக்கு மேல் மேற்கே கிடக்கின்றது. ஆகவே நம் கடிகாரம் 3 என்று அடிக்கும்போது, இவ்வூர் வானத்தின் கணக்கில் 3 ஆவதற்கு இன்னும் 16 நிமிஷம் இருக்கின்றது! அந்தப் பதினாறு நிமிஷத்தைக் கொடுத்தால் எத்தனை பேர் மகிழ்ந்து வாங்கிக்கொள்வர் என்று நாம் நினைப்பதுண்டு.

நம் தமக்கை மகள் ஒருத்தி அத்தகைய ஆலையொன்றில் வேலை செய்கின்றாள். ஆலைக்கருகிலுள்ள விடுதியிலே தங்கியிருக்கின்றாள். பஸ் பிரயாணம் அவளுக்கு இல்லை. எனினும் சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, "எட்டு மணி நேரம் படுக்கிறேன் மாமா, எழுந்தால் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, எனக்கு ஏதாவது வியாதியா?" என்று கேட்டாள். அவள் தாய் உடனே, "செல்போனை வைத்துக்கொண்டு படுத்தால் அப்படித்தான்" என்றாள். நாமும் அன்று அதையே ஆமோதித்தோம். பின்னர்ச் சிறிது படித்தபோதுதான் நமது அவசரம் விளங்கிற்று.

சென்னையில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக் முதலிய பொருளாதார அறிஞர் ஐவர், குறைந்த வருவாயினரான 452 பேரைக் கணினியில் எழுத்துப் பதியும் வேலைக்கு அமர்த்தி, மணிக்கட்டிற் கட்டும் கருவியினால் அவர்கள் துயிலை அளந்தனர். 2021இல் முடிவை வெளியிட்டனர். அம்மக்கள் இரவில் 8 மணி நேரம் படுக்கையிற் கிடந்தனர். துயின்றதோ சராசரி 5½ மணி நேரமே. வெப்பமும் கொசுவும் தெருவின் ஓசையும் அவர்களை மீண்டும் மீண்டும் எழுப்பின. பின்பு அவர்களுட் சிலருக்கு அறிவுரையும், கண்மறைப்பு முதலிய துயிற்கருவிகளும், ஊக்கமும் அளித்தபோது இரவுத்துயில் 27 நிமிஷம் கூடிற்று. வியப்பு யாதெனின், அவ்வாறு கூடியதனால் வேலையிலோ அறிவுக் கூர்மையிலோ புலப்படத்தக்க பயன் ஒன்றும் விளையவில்லை. அறுபட்ட நூலை நீளமாக்கியதே மிச்சம் போலும். ஆனால் வேலைக்களத்திலேயே பிற்பகலிற் சிறிது நேரம் அமைதியாகக் கண்ணயர விடப்பட்டவர்க்கு வேலைத்திறமும் மனநலமும் கூர்மையும் மேம்பட்டன. உழைத்த நேரம் சற்றுக் குறைந்ததையும் அவ்வறிஞர் மறைக்கவில்லை.

இதனைப் படித்தபோது தமக்கை மகளின் கேள்விக்கு விடையிற் பாதி கிடைத்தது. படுக்கையிற் கிடக்கும் மணிக்கணக்கு வேறு, துயிலும் மணிக்கணக்கு வேறு. மற்றப் பாதி, துயிலும் வேளையைப் பற்றியது.

நம் மூளையினடியில் ஒரு சிறு கடிகை உண்டு. நாளொன்றுக்கு ஒரு சுற்றாக அது உடலின் சூட்டையும் சுரப்புகளையும் ஏற்றியும் இறக்கியும் நடத்துகின்றது. அத்தகைய கடிகை உயிரணுவினுள் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர்க்கு 2017இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கடிகையைத் திருத்துவது பெரும்பாலும் ஒளியே. முதலாளி திருத்த முடியாது. அலாரமும் திருத்த முடியாது. விடியலுக்கு முன், உடற்சூடு மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், ஆழ்ந்த துயிலினின்று ஒருவனை எழுப்பினால், அவன் நின்றும் நடந்தும் பேசியும் வருவான். ஆனால் மூளை முழுதும் விழித்திராது. அரைமணியோ அதற்கு மேலோ அம்மயக்கம் நீடித்தல் உண்டு. அந்த அரைமணிக்குள்ளேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் இருட்டில் மோட்டார் சைக்கிள் ஏறிப் பெருஞ்சாலையைக் கடக்கின்றனர்.

ஷிப்ட் முறையில் இதனினும் கொடிது ஒன்றுண்டு. ஒரு வாரம் காலை, மறு வாரம் மாலை, அடுத்த வாரம் இரவு என்று மாற்றுகின்றனர். உடலின் கடிகை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகரவல்லது. அது புது வேளைக்கு ஒருவாறு பழகும்போது வாரம் முடிந்து போகின்றது. பகலிற் படுத்தவர்க்குத் துயிலும் குறுகும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இரவுவேலையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடுமென்று கருதத்தக்கவற்றுள் ஒன்றாக 2007இலும், மீண்டும் 2019இலும் வகுத்தது. அச்சுறுத்துவதற்காக இதனை எழுதவில்லை. மருத்துவமனையும் மின்நிலையமும் இரவில் விழித்திருந்தே தீரவேண்டும். ஆலை இயந்திரங்கள் அனைத்தும் அவ்வாறு விழித்தே தீரவேண்டுமா என்பது வேறு வினா.

நிற்க. தமக்கை மகளின் அறையைப் பற்றிக் கேட்டறிந்தோம். ஓரறையில் அறுவர், அறுவரும் மூன்று ஷிப்டுகளைச் சேர்ந்தவர். இரவு 11 மணிக்கு மாலை ஷிப்டினர் திரும்பி விளக்கேற்றுவர். 4 மணிக்குக் காலை ஷிப்டினரின் அலாரம் அடிக்கும். 7 மணிக்கு இரவு ஷிப்டினர் வந்து படுப்பர், அப்பொழுது கூடத்திற் பாத்திரம் ஓசைப்படும். அவ்வறையில் விளக்கணைந்து அமைதி நிலவும் நேரம் நாளொன்றிற்கு ஐந்து மணியும் இராது. இது யாருடைய சோம்பல்? ஒரே ஷிப்டினரை ஓரறையில் வைக்க ஒரு காசும் செலவில்லை. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். ஷிப்ட் மாறினால் அறையோடு மாறட்டுமே.

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே நிறுத்தி வைக்கப்பட்டு, மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டது. அந்நாளில் ஊதியத்தையும் ஓய்வு நாளையும் பற்றி மிகுதியாகப் பேசினர். துயிலைக் கணக்கிட்டவரை நாம் அதிகம் காணவில்லை. பர்கூர்க் கணக்கு எளியது: வேலை 12, பஸ் 4, ஆக 16. எஞ்சிய எட்டில் சமைத்தலும் உண்டலும் குளித்தலும் குழந்தையைப் பார்த்தலும் போகத் துயில் எங்கே? 2024இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதியை அரசு திறந்தது. பிரயாண நேரத்தைக் குறைப்பதற்கு அது நல்வழியே. அங்கும் பிறவிடங்களிலும் கட்டிலை எண்ணுவது போல் இருட்டையும் அமைதியையும் யாரேனும் எண்ணுவாராக.

மாணவரைப் பற்றியும் இரண்டொரு சொல். நாம் மாணவராயிருந்த விடுதியில் 5 மணிக்கு மணியடிக்கும். எழாதவன்மேல் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. பதினெட்டு, இருபது வயதினரின் உடற்கடிகை இயல்பாகவே பிந்தி ஓடுவது என்பது அன்று எவர்க்கும் தெரியாது. ஆயினும் அதனையே சாக்காகக் கொண்டு நள்ளிரவு ஒரு மணிவரை கைபேசியின் ஒளியை முகத்திற் பாய்ச்சிக்கொள்ளும் மாணவர்க்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். அவ்வொளி கடிகையை இன்னும் பிந்தச் செய்யும். ஞாயிற்றுக்கிழமை நண்பகல்வரை கிடந்து திங்கட்கிழமை 6 மணிக்கு எழுதல், வாரந்தோறும் வேற்றுநாடு சென்று மீள்வதனை ஒக்கும். பிற்பகற் காப்பி இரவிலும் உடலை விட்டகலாது. இவ்வளவும் திருத்திக்கொண்ட பின்னும் ஒருவர் களைத்தே எழுந்தால், குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டா என மருத்துவர் பார்க்கட்டும். பெண்களாயின் இரத்தத்தையும் சோதிக்கட்டும். நம் மாநிலத்துப் பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகையுடையவர் என்பது 2019–21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிற் கண்ட செய்தி.

நம் கல்லூரியிற் பயின்றவர் சிலர் இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஷிப்டுப் பட்டியல் போடும் மேலாளராயும் விடுதிக் காப்பாளராயும் விளங்குகின்றனர். இம்மலர் அவர் கைக்கும் எட்டும். பட்டியலை வாரந்தோறும் மாற்றாது நெடுநாள் ஒரே நிலையில் வையுங்கள். மாற்றியே தீரவேண்டுமாயின் காலை, மாலை, இரவு என்னும் வரிசையிலே மாற்றுங்கள், உடல் அதனை எளிதிற் பொறுக்கும். நண்பகல் உணவிற்குப் பின் ஓர் இருபது நிமிஷம் கண்ணயரும் தொழிலாளியை எழுப்பி அபராதம் எழுதாதீர்கள். அறைகளை ஷிப்டு வாரியாகப் பிரியுங்கள். இம்மூன்றனுள் எளியதாகிய ஈற்றதையேனும் இவ்வாண்டிற் செய்து பார்க்கலாம்.

தமக்கை மகளுக்கு இவ்வாரம் இரவு ஷிப்ட். இக்கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்ட விரும்பினோம். பகலில் தொலைபேசியிற் கூப்பிட மனமின்றி, மாலை 5 மணி ஆகட்டும் என்று இருக்கின்றோம்.