வழிகாட்டியின் கால் அளவு என்ன?



போன வாரம் நான் போட்ட படத்தில் இருந்தது இரண்டு கால்கள். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. முட்டி வரை சேறு. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் முதுகில் இரண்டு பை, முன்னால் ஒரு பை என மூன்று பைகளுடன் மலையேறிக்கொண்டிருந்தார். அதற்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பேர் எழுதியது: "நம் முன்னோர் வெறுங்காலோடு மலையேறினார்கள். இதுதான் தமிழன் உடம்பு! ஷூ எல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம்." மீதிப் பேர் எந்த ஷூ நல்லது, எந்த மழைக்கோட்டு நல்லது என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொண்டார்கள். படத்தில் இருப்பவருக்கு ஏன் ஷூ இல்லை என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து எனக்குக் கிடைத்த இரண்டாவது பள்ளி போடி மலையில். ஓராசிரியர் பள்ளி. 1986 முதல் ஐந்து வருடம் திங்கட்கிழமை விடியற்காலை ஏறி வெள்ளிக்கிழமை இறங்குவேன். நூல் சேலை, ரப்பர் செருப்பு, தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. ஆக, நீங்கள் புகழும் அந்த "முன்னோர்" பட்டியலில் நானும் இருக்கிறேன். நான் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் அப்படி ஏறினோம். 1988 ஐப்பசியில் ஈரப்பாறையில் செருப்பு வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். மழை பிடித்துக்கொண்ட இன்னொரு நாள், பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வாய் குழறி, பிள்ளைகளின் பெயரே நினைவுக்கு வரவில்லை. ஊர்ப் பெண்கள் சேலையை உருவிப் போட்டு, கறுப்புக் கம்பளியில் சுற்றி, அடுப்போரம் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் இல்லையென்றால் இந்தப் பதிவும் இல்லை.

அது ஏன் நடந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னாலே புரியும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? வெளியே கசிந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த பருத்தித் துணி உடம்பை மண்பானை ஆக்கிவிடும். அதுவும் போடியில் இருக்கும் வெயில் மேலே இருக்காது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும். போடியிலிருந்து கொழுக்குமலை உச்சிக்குப் போனால் 11, 12 டிகிரி இறங்கிவிடும். அதோடு மழை, அதோடு காற்று. பனி பெய்தால்தான் குளிரில் விறைக்கும் என்று நினைக்காதீர்கள். 10 டிகிரியில், நனைந்த ஜீன்ஸ் போட்ட ஆள் விறைத்துப் போவார். கீழே நம் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஆள் இல்லை. மேலே மழைக்கு அதுவே எமன். உள்ளே சீக்கிரம் காய்கிற மெல்லிய பாலியெஸ்டர் சட்டை, பையில் ஒரு கம்பளி ஸ்வெட்டர், மேலே தண்ணீர் புகாத கோட்டு. இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

அடுத்து, சிபாரிசுக் கட்சி. என் தங்கை மகள் சென்னையில் கணினி வேலை. அவள்தான், "பெரியம்மா, நீங்க வேலை பார்த்த மலைக்கே போறோம், வாங்க" என்று கூப்பிட்டாள். அனுமதி எல்லாம் முறையாக வாங்கித்தான் போனோம். கூட்டிப்போன குழுவினர் ஒரு மாதம் முன்பே ஒரு பட்டியல் அனுப்பினார்கள். 34 பொருள். இறகு வைத்த ஜாக்கெட் முதல் கண்ணாடிக்குக் கயிறு வரை. இமயமலைக்குத் தயாரித்த பட்டியலில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அட்டைக்கடிக்கு உறை அதில் இல்லை! மழைக்காலத்தில் அந்தக் காட்டில் முதலில் வந்து வரவேற்பதே அட்டைதான். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உறை, காலுறைக்கு மேல் போட்டுக் கட்டிக்கொள்வது. தையல்காரரிடம் சொன்னால் அவரே தைத்துக் கொடுப்பார். நாங்கள் அப்போது புகையிலையை நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டு போவோம். வந்த பதினாறு பேரில் பதினோரு பேர் ஷூவும் புத்தம் புதிது. புதுச் செருப்பு கடிக்கும் என்று பாட்டி சொன்னதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டு வாரம் வீட்டைச் சுற்றியாவது போட்டு நடந்திருக்க வேண்டும். இறங்கும்போது விரல் முன்னால் முட்டும் என்பதால் அரை அளவு பெரிதாக வாங்க வேண்டும். இதெல்லாம் பட்டியலில் இல்லை. விலைச்சீட்டு இல்லாத எதுவும் பட்டியலில் இல்லை.

பட்டியலைப் பற்றி இன்னொன்று. அது பன்னிரண்டு மாதமும் ஒரே பட்டியல். மழையில் காப்பாற்றும் பாலியெஸ்டரும் நைலானும் நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகாது. அதனால்தான் தீயோடு வேலை செய்பவர்களை உள்ளே செயற்கை இழை போடாதே என்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலை போய்விட்டுக் குரங்கணிப் பக்கம் இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. புல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் அந்தச் சரிவில் காலே வைக்கக்கூடாது. எந்தக் கடையும் அதற்கு உடை விற்க முடியாது. அன்றைக்குப் புகையைப் பார்த்து மேலே ஓடியவர்களில் மலைக்கிராமத்து ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் காலில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டோமா?

இப்போது படத்தில் இருக்கும் கால்களுக்கு வருகிறேன்.

அடிவாரத்தில் குழுவினர் "இவர்தான் லோக்கல் கைடு" என்று ஒருவரைக் காட்டினார்கள். பெயரைச் சொல்லவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர்தானே?" என்றார். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது நரைத்த தாடி, நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வாய்ப்பாட்டில் புலி. ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். என் பையையும் பிடுங்கிக்கொண்டான். நான் கொடுக்கவில்லை, அவன்தான் விடவில்லை. வழியில் யானைச் சாணத்தைத் தொட்டுப் பார்த்து, "ராத்திரியே போயிருச்சு, பயமில்ல" என்றான். பாதை பிரியும் இடத்தில் குழுத்தலைவர் கைப்பேசியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவன் பேசாமல் வலப்பக்கம் நடந்தான். எல்லாரும் பின்னால் போனோம்.

சென்ட்ரல் ஸ்டேஷன் தாண்டியதும் மழை பிடித்தது. பதினாறு பேரும் பதினாறு நிறத்தில் மழைக்கோட்டை எடுத்து மாட்டினார்கள். அவன் ஒரு பிளாஸ்டிக் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டான். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அதே கொங்காணி. அப்போதுதான் அந்தப் படத்தை எடுத்தேன்.

அவன் முதுவர். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் என்று அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை உண்டு. பிள்ளைகளையும் முதுகில் கட்டிச் சுமப்பார்கள். என் வகுப்புக்கே அப்படித் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த பெண்பிள்ளைகள் உண்டு. இப்போது நம் பைகளைச் சுமக்கிறார்கள். தலைக்கு 3,500 ரூபாய் வாங்கிய குழு, இரண்டு நாளைக்கு அவனுக்குக் கொடுத்தது 1,200. அவன் விழுந்து கால் முறிந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் மேடம், ஷூ கொடுத்தாலும் போட மாட்டாங்க" என்றார் குழுத்தலைவர். சிரித்த முகம், நல்ல பையன்தான். ஆனால் இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டிருக்கிறேன் தெரியுமா? மலைப்பிள்ளைகளுக்குச் செருப்பும் ஸ்வெட்டரும் கேட்டு நான் மனுப் போட்டபோது, "அவங்களுக்குக் குளிர் பழக்கம்மா" என்று ஒரு அதிகாரி சொன்னார். குளிர் யாருக்கும் பழகாது. கேட்டு வாங்க முடியாதது வேண்டுமானால் பழகும்.

இது தர்ம சிந்தனையில் கேட்கிற விஷயம் இல்லை. அதே மலைத்தொடரில் கொழுந்து பறிப்பவர்களுக்கு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலாளி கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் எனத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே எழுதி வைத்தது. அந்தச் சட்டம் எத்தனை எஸ்டேட்டில் ஒழுங்காக நடந்தது என்பது வேறு கதை. ஆனால் மலையில் வேலை செய்பவனுக்கு நனையாத துணி வேண்டும், அதை வேலை கொடுப்பவன் தர வேண்டும் என்று அப்போதே ஒத்துக்கொண்டார்கள். மலையேற்றத் தொழில் இன்னும் அங்கே வரவில்லை. நேபாளத்தைப் பாருங்கள். காட்மாண்டுவில் கீப் என்ற அமைப்பு சுமைதூக்கிகளுக்காகத் துணி வங்கி வைத்திருக்கிறது. மலையேறி முடித்தவர்கள் விட்டுப்போகும் ஜாக்கெட், ஷூ எல்லாம் அங்கே சேரும். தேவைப்படும் சுமைதூக்கி எடுத்துப்போய், திரும்பி வந்து கொடுப்பார். நம் வீட்டுப் பரண்களில் ஒரே ஒரு முறை போட்ட ஷூக்கள் எத்தனை தூங்குகின்றன?

நம் அரசும் 2024 அக்டோபரில் 40 தடங்களைத் திறந்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. நல்ல தொடக்கம். என் சண்டை தனியாகக் கூட்டிப்போகும் குழுக்களோடும், பணம் கட்டிப் போகும் நம்மோடும்தான். பைக்கு மழையுறை வாங்குகிறோம். பையைத் தூக்குகிறவனுக்கு வாங்க மாட்டோமா?

ஷூ கொடுத்தாலும் போட மாட்டார்கள் என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. ஊருக்கு வந்ததும் அவனுக்கு ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். முதலில் அனுப்பியது அளவு தப்பு. அவன் பாதம் நீளம் குறைவு, முன்பக்கம் நல்ல அகலம். வெறுங்காலில் நடந்தவர்களுக்கு விரல் விரிந்திருக்கும், கடை ஷூவில் நெரியும். குழுத்தலைவர் பார்த்தது ஒருவேளை இதைத்தானோ என்னவோ! காகிதத்தில் காலை வைத்து வரைந்து அனுப்பச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு தேனியில் மூன்று கடை ஏறி இறங்கி, அகலமாக ஒன்று கிடைத்தது. தினமும் போடுகிறான். "பாறையில பிடிக்குது டீச்சர்" என்று போனில் சொன்னான். பழைய செருப்பை வீட்டுக்குள் போடுகிறானாம்.

தங்கை மகளின் நண்பர்கள் மார்கழியில் அடுத்த மலைக்குப் போகிறார்கள். அதே குழு, அதே 34 பொருள் பட்டியல். முப்பத்தைந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லி அந்தக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன்: வழிகாட்டியின் கால் அளவு என்ன? நீலக் கோடு இரண்டு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.