பூங்காவை மத்தியானமும் திறந்து வையுங்கள்!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. வயது 36. பிறந்தது கிராமம். கொல்லையில் வேப்பமரம், கிணற்றடி, எதிரே வயல் என்று வளர்ந்தவள். இப்போது டவுனில் மாடி போர்ஷன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

போன வருடம் அம்மா இறந்த பிறகு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எல்லோரும் கிளம்பிப் போனதும் அழுகை அழுகையாய் வரும். ராத்திரி தூக்கம் கிடையாது. ஒருநாள் பாலைக் கொட்டிவிட்டான் என்பதற்காக ஏழு வயசுப் பையனை முதுகில் தடம் பதிகிற மாதிரி அடித்துவிட்டேன். அவன் அழக்கூட இல்லை. பயந்துபோய் என்னையே பார்த்தான். அன்றைக்கே டாக்டரிடம் போனேன்.

ரத்தமெல்லாம் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்லம்மா. மரம், செடி இருக்கிற இடமாப் பார்த்து தினமும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாங்க. ஒரு மாசம் பார்ப்போம். சரியாகலேன்னா மாத்திரை தர்றேன்" என்றார்.

எங்கள் தெருக்கோடியிலேயே பூங்கா இருக்கிறது. ஆனால் காலை 6 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரைதான் திறப்பார்கள். காலையில் நாம் இட்லி ஊற்றி, டிபன் பாக்ஸ் கட்டி, தண்ணீர் பிடித்துக் கொண்டிருப்போம். மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம், ராத்திரி சமையல். நமக்கென்று கிடைப்பது 11 மணி முதல் 3 மணி வரைதான். அப்போது கேட்டில் பூட்டு!

வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டேன். "மத்தியானம் திறந்தா கண்டவனும் வந்து படுத்துக்குவான் தாயி" என்றார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "அரை மணி நேரம்தான்" என்று உள்ளே விட்டார். புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். பூ உதிர்ந்து கிடந்தது. இரண்டு அணில்கள் ஓடிக் கொண்டிருந்தன. அம்மா ஞாபகம் வந்து அழுதேன். ஆனால் வீட்டில் அழும்போது கனக்கிற நெஞ்சு, அன்றைக்கு லேசானது.

தினமும் அவரைத் தொந்தரவு செய்ய முடியுமா? இப்போது வாரத்தில் நாலு நாள், அரை மணி நேரம், குளத்தங்கரை அரசமரத்தடிக்குப் போகிறேன். துக்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தூக்கம் வருகிறது. பையன்மேல் கை ஓங்கவில்லை. மனசு ரொம்ப முடியாதவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மரம் மட்டும் போதாது.

"வேலை வெட்டி இல்லாம மரத்தடில போய் உக்காந்திருக்கா" என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். என் நாத்தனார் மகள் செல்போனில் படித்துக் காட்டிய விஷயத்தை அவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் செய்து கொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரையும் ஒப்பிட்டார்களாம். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984லேயே இது வெளிவந்து விட்டது. இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரிடம் விசாரித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 2 மணி நேரமாவது பூங்கா, கடற்கரை, காடு என்று இருப்பவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்களாம். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்துப் பிரித்து இருந்தாலும் சரி. நான் போகிற நாலு அரை மணியும் சேர்த்தால் அந்தக் கணக்குதான்!

வெயில், பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். வெயிலுக்குத்தானே மரம் இருக்கிறது? வாட்ச்மேனும் பகல் முழுக்க கேட்டருகில்தான் இருக்கிறார். பூட்டைத் திறக்கத் தனிச் செலவு ஏது? வாரத்தில் சில நாளாவது 11 முதல் 3 வரை பெண்களுக்காகத் திறந்து வைக்கலாமே!

தோழிகளே, நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து மனு கொடுங்கள். நாங்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தப்பட்டவர்கள் மனது வைப்பார்களா?

— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்