இழுத்த சோக் திரும்ப வேண்டும்

ஜனவரி மாத விடியலில், மூணாறின் குளிரில், பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரை சோக் இழுக்காமல் கிளப்புவது கடினம். அதே கார் ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது சோக்கை இழுத்தால், பெட்ரோலில் மூழ்கி அடம்பிடிக்கும். பாலக்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 80 மீட்டர்தான். கோடையில் 40 டிகிரியைத் தொடும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். சில ஜனவரிகளில் அதைச் சுற்றியுள்ள எஸ்டேட் புல்வெளிகளில் உறைபனி படியும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் போனால் ஒரே பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இன்றைய கார்களில் இந்தக் கவலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. 2019 முதல் இந்தியச் சாலைகளில் எம்.ஜி. என்ற அதே எழுத்துகளோடு ஓடும் வண்டிகளில் சோக் என்ற பொருளே கிடையாது. ஆனால் 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்.ஜி.ஏ.யிலும், 1962இல் அதன் இடத்துக்கு வந்த எம்.ஜி.பி.யிலும், டாஷ்போர்டில் ஒரு குமிழ், அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் முனையில் சில லீவர்கள், இவ்வளவுதான். மீதியை ஓட்டுபவரின் கை செய்ய வேண்டும்.

இந்தக் கார்களின் எஸ்.யு. கார்புரேட்டர் இந்தியாவுக்குப் புதிதல்ல. முதல் எம்.ஜி.ஏ.யின் 1,489 சி.சி. எஞ்சினும், பல ஆண்டுகள் அம்பாசடரை இழுத்த 1,489 சி.சி. எஞ்சினும் ஒரே பி.எம்.சி. குடும்பத்துப் பிள்ளைகள். டாக்சிக்கு ஒரு கார்புரேட்டர், ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு. அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக்குக்கு எம்.ஜி.யின் பானெட்டுக்குக் கீழே இருப்பது தெரிந்த முகம்தான். திணற வைப்பது இரண்டையும் ஒன்றுபோல் அசைய வைக்கும் வேலை.

எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. காலணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. குடும்பத் தொழிலுக்கு ஏற்றபடி, முதலில் அதற்குள் தோலால் ஆன துருத்தி இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு பிஸ்டன் வந்தது. பிஸ்டனின் அடியில் தொங்கும் கூம்பு வடிவ ஊசி, ஜெட் என்ற சிறு குழாய்க்குள் ஏறி இறங்கும். ஊசிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது.

சோக் என்ற பெயரே இங்கு பொருந்தாது. மற்ற பல கார்புரேட்டர்களில் சோக் என்பது காற்றின் வழியை மூடும் தகடு. எஸ்.யு.வின் எச், எச்.எஸ். வகைகளில் அப்படி ஒரு தகடு இல்லை. கேபிளை இழுத்தால் லீவர் ஜெட்டைக் கீழே இறக்குகிறது. இடைவெளி பெரிதாகி, பெட்ரோல் கூடுதலாக வருகிறது. குமிழை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் ஜெட்டைப் பழைய இடத்துக்கு ஏற்ற வேண்டும். தகராறு இந்த 'வேண்டும்' என்ற சொல்லில் இருக்கிறது.

பழைய எச் வகையில் ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையங்கள் உண்டு. கார் மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்தால் அவை காய்ந்து ஜெட்டைப் பிடித்துக்கொள்ளும். லீவர் பின்கள் தேய்ந்தாலும், கேபிள் துருப்பிடித்தாலும் இதே கதைதான். குமிழ் உள்ளே போய்விடும், ஜெட் பாதி வழியில் நின்றுவிடும். ஓட்டுபவருக்குத் தெரியாது. பிளக் கருப்பாகும், மைலேஜ் விழும். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு பிஸ்டன் ரிங் மாற்றும் செலவாக அது வந்து நிற்கும்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு செலவில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து குமிழை இழுத்துத் தள்ளட்டும். இன்னொருவர் இரண்டு ஜெட்டுகளின் அடிப்பாகத்தையும் பார்க்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும், ஒரே நேரத்தில் முழுதாக ஏற வேண்டும். விரலால் மேலே தள்ளினால் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது என்றால், அதுதான் நோய். அதைச் சரிசெய்யாமல் மிக்ஸரைத் திருகுவது, ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது போன்றது.

அடுத்தது கேபிள். குமிழ் முழுதும் உள்ளே இருக்கும்போது கேபிள் விறைப்பாக இருக்கக் கூடாது. எம்.ஜி.பி.யின் எச்.எஸ். வகையில், லீவரை இழுக்கத் தொடங்கும் முன் சுமார் 1.6 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். அதன் பிறகும் முதல் அசைவில் ஜெட் இறங்காது. ஒரு கேம் த்ராட்டிலை மட்டும் சற்றே திறக்கும். ஜெட் அசையப்போகும் நிலைவரை சோக்கை இழுத்து நிறுத்தி, எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் அளவில் ஓடும்படி இரண்டு ஃபாஸ்ட் ஐடில் ஸ்க்ரூக்களையும் சமமாகத் திருகினால் இந்த வேலை முடிந்தது. குளிரில் கார் கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கு இந்த முதல் அசைவே பல சமயம் போதும். கூடுதல் பெட்ரோல் இல்லாமலே எஞ்சின் அணையாமல் ஓடும்.

இனிதான் மலை தன் கணக்கைச் சொல்கிறது. மூணாறின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ 14 சதவிகிதம் குறைவு. பாலக்காட்டில் சரியாக இருந்த கலவையில் அங்கே ஏறத்தாழ 7 சதவிகிதம் பெட்ரோல் அதிகமாகத் தெரியும். குளிர் 'சோக்கை இழு' என்கிறது. மெல்லிய காற்று 'சீக்கிரம் விடு' என்கிறது. இரண்டு பேச்சையும் கேட்க வேண்டும்.

சமவெளியில் சரிசெய்த கார் மலை ஏறினால் கொஞ்சம் பெட்ரோல் வீணாகும், அவ்வளவே. ஜெட்டைத் தொட வேண்டாம். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. மூணாறிலேயே வளர்ந்து, அங்கேயே மிக்ஸர் சரிசெய்யப்பட்ட கார் பொள்ளாச்சிக்கு இறங்கி, வெயிலில் வேகமாக ஓடும்போது பெட்ரோல் போதாது. எஞ்சின் சூடேறும், தட்டும், நாளடைவில் வால்வு எரியும். பலர் அப்போது சோக்கை அரைவாசி இழுத்துச் சமாளிக்கிறார்கள். அது வைத்தியம் அல்ல. இழுத்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஜெட்டின் அறுகோண நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, கீழ்நோக்கித் திருகுவதே கணக்கான வழி.

சரிபார்க்கவும் எளிய முறை உண்டு. எஞ்சின் சூடாக ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட் அமைப்பில் கலவை மெலிகிறது. பழைய ரப்பர் குழாய்களும் அதைத் தாங்குவதில்லை. அரை சோக்கில் ஓட்டும் பழக்கம் இதனால் பெருகக்கூடும். நட்டையோ ஊசியையோ மாற்றி, குழாய்களையும் புதுப்பித்தால்தான் எஞ்சின் பிழைக்கும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றது. எஸ்.யு.வைக் காதால் கேட்டே சரிசெய்யும் கைகளுக்கு அதோடு தினசரி வேலையும் குறைந்துவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று ஒரு முறையாவது பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. மறையூரைத் தாண்டிய கொண்டையூசி வளைவில், குமிழ் உள்ளே இருந்தும் கரும்புகை வந்தால், ஜெட் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு விரல் போதும்.