அழுவதற்கு மட்டுமா அம்மா?

ஆழ்வார்பேட்டை அரங்குகளில் ஈழம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை: "பெண் இயல்பிலேயே அமைதியை விரும்புகிறவள். தாய்மார்கள் கையில் விட்டிருந்தால் இத்தனை ரத்தம் சிந்தியிருக்காது." உடனே கைதட்டல். புகழ்ச்சிதான், ஆனால் பெண்ணைப் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து எழுப்பி அனுப்ப இதைவிட மரியாதையான வழி கிடையாது.

தாய்மார்கள் திரளாமலா இருந்தார்கள்? 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. 1990இல் தெற்கே மாத்தறையில், இடதுசாரி ஜேவிபியின் கிளர்ச்சியை ஒடுக்கிய அரசிடம் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுச் சிங்களத் தாய்மார்கள் அதே பெயரில் திரண்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற அரசியல்வாதிகள் மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். 1994இல் ஆட்சி மாறியது, முன்னணி ஓய்ந்தது. அதே ராஜபக்ச அதிபராக இருக்கப் போர் முடிந்த 2009இல், ராணுவத்திடம் சரணடைந்த பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மார்கள் உருவானார்கள். தாயின் கண்ணீர் ஆட்சியாளனைத் திருத்தும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நார்வே அனுசரணையாளராக இருந்த பேச்சுவார்த்தையில் முடிவெடுக்கும் நாற்காலிகள் ஆண்களுக்கு. பெண்களுக்கு ஒரு துணைக்குழு. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அது கூடியது, தரப்புக்கு ஐந்து பேர். அரசுத் தரப்பில் வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்தன, எதிரே புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி. ஒருவர் தாயாகவோ மற்றவர் சாந்த சொரூபியாகவோ அங்கே வரவில்லை. மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் என்று பேச வேண்டியவற்றை வரிசைப்படுத்தினார்கள். ஏப்ரலில் பெரிய மேசை முறிந்தது. துணைக்குழுவும் அதோடு போயிற்று.

2017 பிப்ரவரியில் காணாமற்போனோரைத் தேடிக் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்களும் பொத்தாம்பொதுவாக அமைதி கேட்கவில்லை. சரணடைந்தோர் பட்டியலை வெளியிடு என்று அந்த ஜூனில் அதிபர் சிறிசேனாவிடமே கேட்டார்கள்.

கணவன் காணாமற்போன ஒருத்தியின் நிலையைப் பாருங்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால், அவன் இறந்துவிட்டான் என்று அவளே கையெழுத்திட்டதாகும். வாங்காவிட்டால் அவன் பெயரிலுள்ள காணியும் வங்கிக் கணக்கும் முடங்கும். இரண்டுக்கும் நடுவில், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைச் சட்டமாக்க 2016 வரை ஆனது. போர் முடிந்து ஏழு வருடம்! இந்த முடிச்சு அவளுக்கு முதல் மாதமே தெரியும். மேசையில் அவள் இருந்திருந்தால் முதல் மாதமே பேசப்பட்டிருக்கும்.

அமைதி உடன்படிக்கை எழுதும் இடத்தில் பெண் வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000இலேயே சொல்லிவிட்டது. அவள் மென்மையானவள் என்பது அதற்குக் காரணமாக முடியாது. கடுமையானவளாக, கோபக்காரியாக, துப்பாக்கி தூக்கியவளாகவே இருக்கட்டும். உடன்படிக்கையின் ஒவ்வொரு வரியோடும் வாழப்போகிறவள் அவள். அதை எழுதும் உரிமைக்கு வேறு தகுதி எதற்கு?