மருந்துச் சீட்டும் மாணாக்கரும்

ஜுரங் கண்ட குழந்தைக்கு வைத்தியர் பாரஸிட்டமால் எழுதிக் கொடுக்கிறார். பெயர் ஒன்றுதான், ஆனால் கடையில் அம்மருந்து பல வீரியங்களில் இருக்கிறது. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். சிரப்புக்கு எழுதிய 5 மில்லி அளவைச் சொல்லிச் சொட்டு மருந்துப் புட்டியைக் கொடுத்துவிட்டால், குழந்தைக்குச் சேருவது நான்கு மடங்கு. வேளை தவறாமல் இரண்டு மூன்று நாள் அப்படியே கொடுத்தால் ஈரலுக்கே அபாயம். பாவம், தாய் சொன்னபடிதான் செய்தாள்! சீட்டையும் புட்டியையும் குழந்தையின் எடையையும் சேர்த்துப் பார்த்து ஒரு நிமிஷம் நிதானிக்கும் வழக்கம் கடைக்காரருக்கு இருந்திருந்தால் இந்த விபரீதம் நேராது. அவ்வழக்கத்தை நம் பார்மஸி மாணாக்கர்கள் எங்கே கற்கிறார்கள்?

சட்டத்தில் குறையில்லை. 1930ஆம் வருஷத்தில் கர்னல் சோப்ராவின் தலைமையில் அமைந்த கமிட்டி இத்தொழிலை ஒழுங்கு செய்ய வேண்டுமென்று வற்புறுத்திற்று. 1948இல் பார்மஸிச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற பார்மஸிஸ்டு அல்லாத எவரும் வைத்தியரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாகாது என்பது அதன் 42ஆவது பிரிவு. சீட்டைப் பரிசீலிப்பதும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் அவருடைய கடமை என்று 2015ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. ஆனால் அநேக கடைகளில் நாம் காண்பது என்ன? பார்மஸிஸ்டின் சர்ட்டிபிகேட் சுவரில் தொங்குகிறது. மருந்தை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவர்.

டிப்ளமா மாணாக்கர் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெறவேண்டுமென்பது விதி. 2020ஆம் வருஷத்துத் திட்டத்தில் சீட்டுப் பரிசீலனையும் பாடமாகவே இருக்கிறது. நல்லதுதான். எனினும் மணிகளை எண்ணிக் கையெழுத்திடுவது சுலபம்; அம்மணிகளில் மாணாக்கர் எத்தனை சீட்டுகளில் சந்தேகங் கொண்டார், வைத்தியரைக் கேட்டாரா, என்ன பதில் வந்தது என்பதல்லவா கணக்கு? தினசரிக் குறிப்பேட்டில் அது பதிவாகட்டும். வக்கீல் தொழிலில் பத்திரத்தை வரி விடாமல் படிக்கப் பழகாத ஜூனியரை நாம் கோர்ட்டில் தனியே நிற்க விடுவதில்லை. இங்கேயோ பத்திரமல்ல, பிராணன்.

மூட்டுவாத நோய்க்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் வாரத்திற்கு ஒரு முறை மட்டும் உட்கொள்ள வேண்டியது. 'தினமும்' என்று சீட்டில் தவறி எழுதப்பட்டாலும், நோயாளி அப்படித் தவறாகப் புரிந்துகொண்டாலும், வாய் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை நலிந்து மரணமே சம்பவிக்கலாம்; பல தேசங்களில் சம்பவித்துமிருக்கிறது. இத்தகைய சீட்டைக் கண்டதும் மருந்தை எடுக்காமல் டெலிபோனை எடுக்கும் தைரியம் இருபது வயது வாலிபருக்குத் தானாக வந்துவிடாது. "நீ யார் என்னைக் கேட்க?" என்று சீறும் வைத்தியர்களும் இல்லாமலில்லை. எழுத்து தெளிவாக இருக்கவேண்டுமென்று 2016இல் மெடிக்கல் கௌன்ஸில் விதி செய்த பிறகும் கோழிக் கிறுக்கல் நின்றபாடில்லை.

ஆகையால் பார்மஸி கௌன்ஸிலுக்கு நாம் சொல்லும் யோசனை ஒன்று. செய்முறைப் பரீட்சையில் வைக்கும் சீட்டுகளில் சிலவற்றை வேண்டுமென்றே பிழையாக எழுதி வையுங்கள்: ஒன்றில் அளவு மிகுதி, மற்றொன்றில் வார்பரினும் ஆஸ்பிரினும் ஒருங்கே, வேறொன்றில் வயதே இல்லை. கேள்வி கேளாமல் அவற்றுக்கு மருந்து எடுத்து வைக்கும் மாணாக்கர், மற்ற பாடங்களில் எத்தனை மார்க்கு வாங்கியிருந்தாலும், மறுபடியும் பயிற்சிக்குப் போகட்டும்.